மாற்று யதார்த்த விளையாட்டுக்கு எந்தத் தளம் நல்லது?

கேள்வி:
யாழ் கோட்டை, நூலகம், புகையிரத நிலையம் மூன்றையும் இணைத்து, தொலைந்த கடிதம் ஒன்றைத் தேடும் மாற்று யதார்த்த விளையாட்டை, அதாவது நிஜ இடங்களிலும் போனிலும் துப்புத் தேடி ஒரு கதையைத் தொடரும் விளையாட்டைச் செய்கிறேன். துப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? கனபேரிடம் அதுதான் இருக்கிறது.

மறுமொழி:
குழு வேண்டாம் தம்பி. எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பெண்பிள்ளைகள் விலகிவிடுவார்கள். டெலிகிராமில் பொட் (bot, தானாகப் பதில் அனுப்பும் கணக்கு) ஒன்று வையுங்கள். சரியான சொல்லைத் தட்டினால் அடுத்த துப்பு தானாக வரும்.

மறுமொழி:
வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முக்கியத் துப்பு வைக்காதீர்கள், 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். நான் வைத்து, பிந்தி வந்த இரண்டு பிள்ளைகள் அழாக்குறையாக நின்றார்கள்.

மறுமொழி:
எல்லாவற்றையும் போனுக்குள் அடைக்காதீர்கள். 2004இல் 'ஐ லவ் பீஸ்' (I Love Bees) என்ற மாற்று யதார்த்த விளையாட்டுக்காகத் தெருவோரப் பொதுத் தொலைபேசிகள் மணியடித்தன. உங்களுக்குக் கச்சான் சரை இருக்கிறதே! சுற்றும் கடதாசியில் கடிதத்தின் ஒரு வரியை அச்சடித்து, கச்சான் விற்கிற அம்மாவிடம் முதலே கேட்டுக் கொடுங்கள்.