கோல்டு ஸ்டார்ட்: குளிர் தொடக்கமா, வெறுந்தொடக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லாரிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிக்குத் தமிழில் கையேடு தயாராகிறது. உள்ளே இருப்பது யூ-பிளாக்ஸ் நியோ-6எம் மாட்யூல். கருவி ஆன் ஆகி இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடங்கும் மூன்று விதங்களான கோல்டு, வார்ம், ஹாட் ஸ்டார்ட்டுக்கு வரைவில் குளிர் தொடக்கம், வெதுத்தொடக்கம், சூட்டுத்தொடக்கம் என்று போட்டிருக்கிறது. படித்த மெக்கானிக்கின் முதல் கேள்வி: "என்ஜின் சூடானப்புறம்தான் ஆன் பண்ணணுமா?" வேறு சொல் சொல்லுங்கள்.

---

> வேறு சொல் சொல்லுங்கள்.

அவர் கேட்டது நியாயம். இங்கே வெப்பத்துக்கு வேலையே இல்லை. ஆன் செய்யும் நொடியில் மாட்யூலின் நினைவகத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இருக்கவேண்டியவை நான்கு: நேரம், கடைசியாக நின்ற இடம், எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதை (அல்மனாக்), ஒவ்வொன்றின் துல்லியமான பாதை (எஃபிமெரிஸ்). ஒன்றுமே இல்லையென்றால் கோல்டு. எஃபிமெரிஸ் மட்டும் இல்லை அல்லது பழசு என்றால் வார்ம். எஃபிமெரிஸின் ஆயுள் ஏறக்குறைய 4 மணி நேரம். நான்கும் இருந்தால் ஹாட்.

மாட்யூலின் ரீசெட் கட்டளையே இதற்குச் சாட்சி. எதை அழிக்கவேண்டும் என்பதற்கு அதில் 16 பிட் உண்டு. கோல்டுக்கு எல்லாம் 1, வார்முக்கு எஃபிமெரிஸ் பிட் மட்டும் 1, ஹாட்டுக்கு எல்லாம் 0.

ஆகவே கோல்டு = வெறுந்தொடக்கம். அல்மனாக்குக்குப் பஞ்சாங்கம் என்று நம்மிடம் சொல் இருப்பதால் வார்ம் = பஞ்சாங்கத் தொடக்கம். ஹாட் = உடன்தொடக்கம்.

---

> பஞ்சாங்கத் தொடக்கம்

வெறுங்கை, வெறும்வயிறு வரிசையில் வெறுந்தொடக்கம் அழகாக உட்காருகிறது. ஆனால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி எடுக்கிற ஊரில் பஞ்சாங்கத் தொடக்கம் என்றால் ராகுகாலம் பார்த்து ஆன் செய்வார்கள், ஐயா! இடைத்தொடக்கம் போதும்.

இன்னொரு சந்தேகம். நியோ-6எம் தகவல் தாளில், ஆன் செய்ததும் இடத்தைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம்: கோல்டு 27 வினாடி, வார்மும் 27 வினாடி, ஹாட் 1 வினாடி. நேரம் ஒன்றே என்றால் முதல் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் எதற்கு?

---

> நேரம் ஒன்றே என்றால்

இடைத்தொடக்கம் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

எஃபிமெரிஸை ஒவ்வொரு செயற்கைக்கோளும் 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. சொல்லிமுடிக்க 18 வினாடி. இரண்டு தொடக்கத்திலும் இதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் எண் ஒன்றாக இருக்கிறது. நடுவில் வண்டி பாலத்தடியில் புகுந்து ஒரு துண்டு தவறினால், அந்தத் துண்டுக்கு அடுத்த சுற்றுவரை காத்திருக்கவேண்டும். பொருத்திய கையோடு ஓட்டிக்கொண்டே போனால் பல நிமிடம் ஆவது இப்படித்தான்.

தவிர, அந்த 27 வினாடி திறந்தவெளியில், சிக்னல் −130 டிபிஎம் கிடைக்கும்போது (இது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெருகப் பெருக வலிமை குறையும்). வெறுந்தொடக்கத்துக்குக் குறைந்தது −147 வேண்டும். ஒருமுறை பிடித்தபின் −161 வரை விடாது. இரண்டுக்கும் இடைவெளி 14 டெசிபல், அதாவது வலிமையில் 25 மடங்கு. கூரைத் தகரத்தடியில் ஆன் செய்தால் பிடிக்காமல் திணறும் கருவி, வெளியே பிடித்துவிட்டு உள்ளே வந்தால் ஓடும். இதைப் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று கழற்றுவார்கள்.

மெக்கானிக்குக்கு வெறுந்தொடக்கமும் உடன்தொடக்கமும் போதும். இடைத்தொடக்கத்தை நிரல் எழுதுவோருக்கான பின்னிணைப்பில் வையுங்கள்.

---

இருவருக்கும் நன்றி. சோதனைப் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஆன்டெனாவின் பீங்கான் முகம் வானத்தைப் பார்க்கட்டும்; மேலே தகரம் கூடாது. திறந்தவெளியில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு 10 நிமிடம் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுங்கள். சில வினாடியில் ஃபிக்ஸ் வந்தால் (இடம் பிடிபட்டால்) உடன்தொடக்கம், எல்லாம் சரி. அரை நிமிடம் ஆனால் வெறுந்தொடக்கம். நினைவகத்தைக் காக்கும் பேக்கப் மின்சாரம் கிடைக்கவில்லை. மாட்யூலின் 22ஆம் பின்னில் 1.4 முதல் 3.6 வோல்ட் இருக்கிறதா என்று, மின்சாரம் துண்டித்த நிலையில் அளந்து பாருங்கள்."

---

ஒரே திருத்தம்: 15 நிமிடம் போதாது. அல்மனாக் முழுசாக இறங்க 12.5 நிமிடம், அது சரி. ஆனால் அலமாரியில் கிடந்த போர்டில், பேக்கப் மின்சாரம் தரும் பட்டன் செல் வடிந்திருக்கும். அது சார்ஜ் ஏறாமல் சோதித்தால் நல்ல போர்டும் தோற்கும். சில மணி நேரம் ஓடியபின் சோதிக்கச் சொல்லுங்கள்.

'ஃபிக்ஸ்' என்பதை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்கலாமா?