தோட்டத்துச் சொந்தங்கள் குழு: ரெண்டு காளைக்கு என்ன விலை?

*வெள்ளி, கார்த்திகைக் கடைசி*

*அக்கா* (காலை 7:10): எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம சீமைக்காளை ரெண்டையும் குடுத்துரலாம்னு இருக்கறனுங்க. நேத்துப் பொழுதோட ஒரு வியாபாரி தோட்டத்துக்கே வந்து சோடியா 78,000 கேட்டாரு. 2,000 அச்சாரமும் நீட்டுனாரு. யோசிச்சுச் சொல்றன்னு அனுப்பிட்டனுங்க.

*அக்கா*: [படம்] [படம்]

*பெரிய மாமா*: அச்சாரம் வாங்காம விட்டியே கண்ணு, அதே பெரிய காரியம். அதைக் கையில வாங்கிட்டா அந்த மாட்டுக்கு ஆள் வந்தாச்சுன்னு ஊரெல்லாம் பேச்சாயிரும். வேற ஒருத்தரும் வாசப்படி ஏற மாட்டாங்க. நாலு நாள் கழிச்சு வந்து, கால் நொண்டுது, மேல் இளைச்சுப்போச்சும்பாங்க. அஞ்சாயிரம் கொறையும்.

*அத்தை*: பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்டோணும்னு அந்த ஆளுகிட்டச் சொன்னியா சாமி?

*அக்கா*: நான் சொல்லலீங்க அத்தை. ஆனா ஊருக்குள்ள தெரியுமே.

*கோவை தம்பி*: அக்கா, உழவுக்கு வேணும்னு யாரும் கேக்கலையா? கறிக்குத்தான் போகுமா?

*அக்கா*: டிராக்டர் வந்தப்புறம் யாரு தம்பி காளை தேடறாங்க? அதுலயும் சீமைக்காளைக்குத் திமில் இல்ல, நுகம் சரியா நிக்காது. வெயிலும் தாங்காது. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குது. கட்டித்தரையில சும்மா கட்டி வெச்சுத் தீனி போட வழியில்ல.

*பெரிய மாமா*: அதுக்கு உன்னைய யாரும் கொறை சொல்ல மாட்டாங்க. மூணு வருசம் வயிறு வாடாம வளத்திருக்கற. அதுக்குண்டான காசு வரோணும், அவ்வளவுதான். முதல்ல எடை தெரியோணும். கண்ணுல பாத்துக் கறி மதிக்கறது அவங்க தொழில். நாம கையில டேப்பு இல்லாமப் பேசுனா தோத்துத்தான் போவோம்.

*பெரிய மாமா*: காலையில தீனி, தண்ணி காட்டறதுக்கு முன்னாடி சமதரையில நிறுத்திக்கோ. முன்னங்காலை ஒட்டிப் பின்னால நெஞ்சைச் சுத்தி தையல்கார டேப்பு போடு. அது சுத்தளவு. அப்புறம் தோள் முனையிலருந்து பின்னால வாலடிக்குப் பக்கத்துல துருத்திட்டிருக்கற இடுப்பெலும்பு முனை வரைக்கும் நீளம். ரெண்டும் இஞ்சில. சுத்தளவைச் சுத்தளவாலயே பெருக்கு, அதை நீளத்தால பெருக்கு, 660-ஆல வகு. வர்றது கிலோ. பத்துல ஒரு பங்கு முன்னப்பின்ன இருக்கும்.

*சனி*

*அக்கா* (காலை 6:25): மாமா, அளந்துட்டனுங்க. பெருசு 66, நீளம் 58. சின்னது 62, நீளம் 56.

*கோவை தம்பி*: பெருசு 383 கிலோ, சின்னது 326. ரெண்டும் 709. அந்தாளு கேட்ட 78,000-ஐ வகுத்தா உயிரெடை கிலோவுக்கு 110 ரூபாய்தான் வருது!

*பொள்ளாச்சி அண்ணன்*: அது ரொம்பக் கம்மி. இங்க வியாழக்கிழமைச் சந்தையில இந்த மாதிரிக் காளைக 135-லருந்து 145 கணக்குக்குப் போச்சு. உயிரெடையில பாதிக்குக் கொஞ்சம் கம்மியா எலும்போட கறி நிக்கும். தோலு, தலை, குடல் எல்லாம் தனிக்காசு. வாங்கறவங்க அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கேப்பாங்க.

*அத்தை*: இப்ப மாலை போட்டிருக்கற காலமாச்சே. விலை இறங்கியில்ல இருக்கும்?

*பொள்ளாச்சி அண்ணன்*: நம்ம பக்கம் கறிக்கடை மந்தந்தானுங்க அத்தை. ஆனா பொள்ளாச்சி மாட்டுக்கு விலை வெக்கறது கேரளா. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அங்கிருந்து ஆள் கூட வரும். அதே கிறிஸ்தவங்க ஈஸ்டருக்கு முந்தி நோன்பிருக்கறப்ப கேட்பு விழுந்துரும். பக்ரீத்துக்கு முன்னாடி மறுபடி ஏறும். மழை பொய்ச்ச வருசந்தான் மோசம், தீவனம் இல்லாம எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டிட்டு வந்துருவாங்க.

*அக்கா*: அப்பப் பொங்கல் வரைக்கும் வெச்சுக்கலாமுங்களா?

*பெரிய மாமா*: வேண்டாம் கண்ணு. புண்ணாக்கும் சோளத்தட்டும் விக்கற விலைக்கு, ஏறுற எடை தீனிச் செலவுக்கே போயிரும். கிறிஸ்துமஸுக்கு முந்துன சந்தைக்கு ஏத்திரு.

*கோவை தம்பி*: சந்தையில கறிக்கு விக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் வந்துச்சே மாமா?

*பெரிய மாமா*: 2017 மே மாசம் மத்திய அரசு விதி போட்டுச்சு. அந்த மாசமே மதுரை ஹைகோர்ட் கிளை தடை குடுத்துச்சு. ஜூலையில சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுசுக்கும்னு சொல்லிருச்சு. ஏத்திட்டுப் போறதுக்குத்தான் விதி இருக்குது. மாட்டாஸ்பத்திரியில சர்டிபிகேட் வாங்கிக்கோ. காதுல போட்ட நம்பர் தோடு அறுந்திருந்தா அங்கயே சொல்லு. கோமாரி ஊசி போட்ட விவரமும் கையில இருக்கட்டும்.

*அத்தை*: கெளம்பறப்ப உப்புத்தண்ணி குடுத்தா வயிறு நல்லாத் தெரியும்பாங்களே.

*பெரிய மாமா*: அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். வியாபாரி வயித்தைப் பாக்கறதில்ல. முதுகுத்தட்டு, பின்தொடை, வாலடி, இதுகளைத்தான் கை வெச்சு அமுக்கிப் பாப்பான். ஊதுன வயித்தைக் கண்டா இன்னும் கொறைச்சுத்தான் கேப்பான்.

*பொள்ளாச்சி அண்ணன்*: அக்கா, புதன்கிழமை ராத்திரியே கொண்டாந்து நம்ம தோட்டத்துல கட்டிக்கலாம். அலுப்பு தெளிஞ்சு, தண்ணி குடிச்சு, விடியறப்ப மாடு தெளிவா நிக்கும். நானும் கூட வாரன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறன். தரகர் துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு வாங்கறவங்க கூட ஒரு விலை பேசிட்டு, நம்மகிட்ட வேற விலை சொல்ல வழியிருக்குது. எல்லாரும் அப்படின்னு சொல்லல. ஆனா எவ்வளவுன்னு வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, வாங்கறவங்களையும் பக்கத்துல நிறுத்திக் கேட்டுக்கலாம். தரகும் முன்னாடியே பேசிக்கலாம்.

*அக்கா*: எவ்வளவுக்குக் கீழ குடுக்கக் கூடாதுங்க?

*பெரிய மாமா*: 95,000-ஐ மனசுல வெச்சுக்கோ, வெளிய சொல்லாத. 1,10,000-ல பேச்சு ஆரம்பி. ரெண்டு பேராவது பாத்துக் கேக்கற வரைக்கும் சரின்னு தலையாட்டாத. மொத ஆளு போயிருவானோன்னு பயப்படாத. மாடு அவனுக்கு வேணும்னா சந்தையை ஒரு சுத்துச் சுத்திட்டுத் திரும்ப வருவான்.

*வியாழன்*

*பொள்ளாச்சி அண்ணன்* (காலை 8:40): மொதல்ல வந்தவரு 88,000 கேட்டாரு. அக்கா அசையல. அப்புறம் மலையாளத்து வியாபாரி 92,000-ன்னாரு.

*அத்தை*: விட்டுராதீங்க, கேளுங்க.

*பொள்ளாச்சி அண்ணன்* (காலை 9:15): மொத ஆளு திரும்பி வந்து 94,000-ன்னாரு. மலையாளத்துக்காரரு நேரா 97,500-ன்னுட்டாரு. அக்கா அளவு எழுதுன தாளைக் காட்டி, கிலோவுக்கு இவ்வளவுதானுங்க வருதுன்னு கணக்கா எடுத்துச் சொல்லுச்சு. தரகரே நின்னு கேட்டாரு.

*பெரிய மாமா*: குடுத்துரலாம். காசு முழுசா? பாதியை அடுத்த சந்தையில தாரம்னு சொல்லலியே?

*அக்கா*: அப்படித்தானுங்க மாமா ஆரம்பிச்சாரு. முழுசும் வந்தப்புறம்தான் கவுறு மாத்தி மாட்டைக் குடுப்பன்னு சொல்லிட்டன். எண்ணிக் குடுத்துட்டாரு. ரசீதும் வாங்கியாச்சுங்க.

*அக்கா*: வேன் 2,800, தரகு 1,000, சுங்கம் எல்லாம் 200. கையில 93,500 நிக்குதுங்க. தோட்டத்துல கேட்டதை விட 15,500 கூட. நேரா பேங்குக்குப் போறனுங்க.

*அத்தை*: நல்லா இருப்ப சாமி.

*கோவை தம்பி*: அக்கா, அடுத்த தடவை மாட்டுக்குச் சினை ஊசி போடறப்ப, காளைக்கன்னு இல்லாம கெடேரிக்கன்னாப் பொறக்கற ஊசி இருக்கான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. பத்துக்கு ஒம்போது கெடேரின்னு சொல்றாங்க.

*அக்கா*: கேக்கறன் தம்பி.

*பொள்ளாச்சி அண்ணன்*: மாமா, பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா எருமைக்கடா ஒண்ணு வெச்சிருக்கறாரு. இந்த 660 கணக்கு எருமைக்கும் சரியா வருமான்னு கேக்கறாருங்க.

*பெரிய மாமா*: கொஞ்சம் முன்னப்பின்ன வரும், ஆனா தோராயமாப் புடிச்சுக்கலாம். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல அளந்து அனுப்பச் சொல்லு.