வானிலைக்கு இரண்டு நாள் ஒதுக்குவது வீணா? கனெக்டாக் ஆற்றுப் பயணம் பற்றிய சண்டை

நெடுங்கழி:
"பத்து நாள் விடுப்பு எடுத்தால் பத்து நாளும் ஆற்றில் இருக்க வேண்டும். வானிலைக்கென்று இரண்டு நாள் ஒதுக்குவது பயந்தாங்கொள்ளிகளின் கணக்கு." அலாஸ்காவின் கனெக்டாக் ஆற்றுக்குச் சால்மன் பிடிக்கப் போக விரும்பும் புதுவலை என்ற உறுப்பினருக்கு, தூண்டில்வேந்தன் நேற்று இங்கே எழுதிய அறிவுரை இது. படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்த ஆறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் எழுதினாரா? ஆங்கரேஜிலிருந்து அங்கே சாலை கிடையாது. பெத்தேல் அல்லது டில்லிங்ஹாம் வரை பெரிய விமானத்தில் போக வேண்டும். அங்கிருந்து, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் ஆறு தொடங்கும் ககாட்டி ஏரியில் இறக்கிவிடும். பிறகு காற்றடைத்த படகில், கடலோரத்தில் இருக்கும் குவின்ஹாகாக் ஊர் வரை ஆற்றோடு மிதந்து வர வேண்டும். மிதவை விமானத்தின் விமானி மலையைக் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார். கணவாயில் மேகம் இறங்கிவிட்டால் அவர் கிளம்ப மாட்டார், கிளம்பவும் கூடாது. அதற்குத்தான் இரண்டு நாள்.

தூண்டில்வேந்தன்:
எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். மூன்று முறை வடக்கே போயிருக்கிறேன். மூன்று முறையும் சொன்ன நாளில் போனேன், சொன்ன நாளில் திரும்பினேன். பத்தில் இரண்டு என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அதை விடுதிச் சுவரைப் பார்த்துக் கழிக்க நான் சம்பளம் சேர்க்கவில்லை.

நெடுங்கழி:
மூன்று முறையும் எந்த ஆறு? எந்த மாதம்? அதை மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஆகஸ்ட் நடுவில் நாங்கள் நான்கு பேர் போனோம். பைகளை எடை போட்டாகிவிட்டது, எங்களையும் தராசில் ஏற்றி நிறுத்தியாகிவிட்டது. ஏரிக்கரையில் விமானம் கட்டிக் கிடக்கிறது. மூன்று நாள் மழையும் தாழ்ந்த மேகமும். நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தது சுழியம். ஏழு நாள் மிதக்க வேண்டிய ஆற்றை நான்கே நாளில் துடுப்புப் போட்டுக் கடந்தோம். கரையோரத் தேக்கங்களில் கோஹோ என்ற சால்மன் வகை மீன்கள் வரிசையாக நிற்பது தெரிகிறது. நின்று நான்கு முறை தூண்டில் வீச நேரமில்லை. இந்தப் பயணத்துக்காக இரண்டு ஆண்டு பணம் சேர்த்த நண்பர் ஒருவர், ஒரு மீனைக்கூடத் தொடாமல் திரும்பினார். அவருடைய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள், பயந்தாங்கொள்ளிக் கணக்கு என்று.

வெள்ளிச்செதில்:
இருவரும் "தொலைவான ஆறு" என்று எதைச் சொல்கிறீர்கள்? சாலை இல்லாத ஆறா, விடுதி இல்லாத ஆறா, அல்லது வெறுமனே வடக்கில் இருக்கும் ஆறா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தூண்டில்வேந்தன்:
நெடுங்கழி, உங்கள் நண்பர் மீன் பிடிக்காததற்கு மேகம்தான் காரணமா? நான்கு நாள் கோஹோவுக்கு நடுவில் இருந்துவிட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் குறை கையில் இருக்கிறது.

நெடுங்கழி:
என்னைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். என் நண்பரை இழுக்காதீர்கள். போன ஆண்டு முடிச்சு பற்றிய விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள். நூல் அறுந்தது என்று ஒருவர் எழுதினால், அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்றீர்கள். அதற்கு இன்றுவரை நீங்கள் வருத்தம் தெரிவிக்கவில்லை. விஷயத்துக்கு வாருங்கள். இரண்டு நாள் வேண்டுமா, வேண்டாமா?

தூண்டில்வேந்தன்:
வேண்டாம். அந்த முடிச்சு விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி.

கரையோரம்:
நான் போன ஜூலையில் அலாஸ்காவிலேயே இருக்கும் கீனாய் ஆற்றில் ஐந்து நாள் இருந்தேன். ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை. வேந்தன் அண்ணன் சொல்வது அனுபவப்பட்டவர் பேச்சு.

நெடுங்கழி:
கீனாய்க்கு ஸ்டெர்லிங் நெடுஞ்சாலையில் காரில் போகலாம்! ரஷ்யன் ஆறு வந்து கலக்கும் இடத்தில் சாக்கை என்ற சால்மன் வகை ஏறும் நாட்களில் ஆட்கள் தோளோடு தோள் இடித்து நிற்பார்கள். அதைக் கனெக்டாக்குக்கு உவமை சொல்கிறீர்களே. மேகம் இறங்கினால் உங்கள் கார் நின்றுவிடுமா?

கரையோரம்:
கீனாயை இளக்காரமாகப் பேச வேண்டாம். தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சினூக் சால்மன் அங்கேதான் கிடைத்தது. 1985 ஆம் ஆண்டு, 97 பவுண்டு. உங்கள் கனெக்டாக்கில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

வெள்ளிச்செதில்:
1985 கதையை இன்னும் எத்தனை ஆண்டு சொல்வோம்? அண்மை ஆண்டுகளில் அதே கீனாயில் சினூக் பிடிப்பதையே மூடி வைத்திருக்கிறார்கள். யூகான் ஆற்றில் நிலைமை இன்னும் மோசம். சினூக் குறைந்துபோனதால் அலாஸ்காவும் கனடாவும் 2024 ஆம் ஆண்டு ஏழு ஆண்டுத் தடைக்கு உடன்பட்டிருக்கின்றன. பயணம் திட்டமிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆறு அந்த மீனுக்குத் திறந்திருக்கிறதா என்பதை.

கரையோரம்:
சாதனையைச் சொன்னேன். தடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

புதுவலை:
ஐயா, கேள்வி கேட்டவன் நான்தான். எனக்குக் கோஹோ பிடிக்க ஆசை. ஜூலை முதல் வாரம் போகலாம் என்று இருக்கிறேன். ஃபெல்ட் (அழுத்திய நார்த்துணி) அடி வைத்த காலணியும் வாங்கிவிட்டேன். சரிதானே?

நெடுங்கழி:
இரண்டுமே தவறு தம்பி. ஜூலை முதல் வாரம் கனெக்டாக்கில் சினூக், சாக்கை, சம் என்ற சால்மன் வகைகள் இருக்கும். கோஹோவுக்கு ஆகஸ்டில் போக வேண்டும். காலணியைத் திருப்பிக் கொடுங்கள். கற்களில் வழுக்காது என்பது உண்மைதான். ஆனால் ஃபெல்ட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓர் ஆற்றின் பாசியையும் நோய்க்கிருமியையும் இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகும். அதனால் அலாஸ்காவின் நன்னீரில் மீன்பிடிக்க ஃபெல்ட் அடியை 2012 ஆம் ஆண்டே தடை செய்துவிட்டார்கள். ரப்பர் அடியில் உலோகக் குமிழ் பதித்த காலணி வாங்குங்கள். யார் சொல்லி ஃபெல்ட் வாங்கினீர்கள்?

புதுவலை:
தூண்டில்வேந்தன் அண்ணன் சொன்னார்.

நெடுங்கழி:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று முறை வடக்கே போனவர் சொன்ன காலணி இது.

தூண்டில்வேந்தன்:
அது நார்வேக்குச் சொன்னது. தம்பி அலாஸ்கா என்று அப்போது சொல்லவில்லை. நான் போன மூன்று முறையும் நார்வேதான்.

நெடுங்கழி:
அப்படி வாருங்கள் வழிக்கு! நார்வே ஆற்றங்கரைக்குக் காரில் போய் இறங்கியவரா கனெக்டாக் விமானத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்? ஆழம் தெரியாமல் காலை விட்டால்கூடப் பரவாயில்லை, இவர் அடுத்தவர் காலைப் பிடித்து விடுகிறார்.

தூண்டில்வேந்தன்:
நார்வேயில் மீன் பிடிப்பது என்ன இளப்பமா? சால்மனைக் கொல்லும் கைரோடாக்டிலஸ் ஒட்டுண்ணி பரவாமல் இருப்பதற்காக ஒவ்வோர் ஆற்றுக்கும் தூண்டில், வலை, காலணி எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். அந்த ஒழுங்கு உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அட்லாண்டிக் சால்மன் ஒன்று தூண்டிலைத் தொடுவதற்கு நாள்கணக்கில் வீச வேண்டும். கூட்டம் கூட்டமாக வரும் பசிபிக் மீனைப் பிடித்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்களுக்கு அது புரியாது.

வெள்ளிச்செதில்:
பசிபிக் மீன் முட்டையிட்டதும் இறந்துவிடும். அட்லாண்டிக் மீனில் சில மீண்டும் கடலுக்குத் திரும்பும். இரண்டும் வேறு வேறு மீன். இதில் உயர்வு தாழ்வு எங்கே வந்தது? நார்வேயிலும் கதவுகள் மூடிக்கொண்டுதான் வருகின்றன. பின்லாந்து எல்லையில் ஓடும் டெனோ ஆற்றில் 2021 ஆம் ஆண்டு சால்மன் பிடிக்கத் தடை போட்டார்கள். 2024 கோடையில் நார்வேயின் வேறு பல ஆறுகளையும் பாதியில் மூடினார்கள்.

நெடுங்கழி:
வெள்ளிச்செதில், தடைகளைப் பற்றிப் பிறகு பேசலாம். வேந்தன் இன்னும் பதில் சொல்லவில்லை. மிதவை விமானம் இரண்டு நாள் கிளம்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

தூண்டில்வேந்தன்:
திரும்பும்போது குவின்ஹாகாக்கில் ஓடுபாதை இருக்கிறது, சக்கர விமானம் வருகிறது என்று நேற்று இரவு படித்தேன். மிதவை விமானம் ஒருவழிக்குத்தான். ஆகவே உங்கள் இரண்டு நாளில் ஒரு நாள் இப்போதே விழுந்துவிட்டது.

நெடுங்கழி:
நேற்று இரவு படித்தீர்கள்! அறிவுரை சொன்னது அதற்கு முன்பு. அந்த ஊர் குஸ்கோக்விம் விரிகுடாவின் கரையில் இருக்கிறது. கடல் மூடுபனி வந்தால் சக்கர விமானமும் இறங்காது. போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள். இரண்டு.

தூண்டில்வேந்தன்:
நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நெடுங்கழி:
கால் எத்தனையாகவும் இருக்கட்டும், நாள் இரண்டு.

புதுவலை:
ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டேன். காலணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருவர் சொல்லையும் மதித்து வானிலைக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன்.

தூண்டில்வேந்தன்:
அந்த ஒரு நாளும் வீண். ஆற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கழி:
ஒரு நாளா? எந்தப் பக்கம் வைத்தீர்கள் தம்பி? போகும்போதா, வரும்போதா?