புதுப்பிப்பு: மோர் குடித்தும் வயிறு உப்புசமா?

சாப்பாட்டுக்குப் பின் மோர் வயிற்றுக்கு இதம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். குடித்தபின் உப்புசமாக இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்தப் பதிவில் அளவு சொல்லாமல் விட்டது என் தவறு.

ஒரு டம்ளருக்கு 50 மி.லி. தயிர், 150 மி.லி. தண்ணீர். பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் (செரிக்காவிட்டால் உப்புசம் தரும் பால் சர்க்கரை) உண்டு. உறையும்போது பாக்டீரியா அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆக இந்த டம்ளரில் 2 கிராமுக்கு மேல் இருக்காது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் இதைத் தாங்குவார்கள். கெட்டித் தயிரைச் சற்றே நீர்த்து இரண்டு டம்ளர் குடித்தால் கணக்கே வேறு.

அதன்பிறகும் வயிறு உப்பினால் சந்தேகம் மோரில் போடும் சின்ன வெங்காயத்தின் மேல்தான். அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காது, பெருங்குடலில் புளித்து வாயுவாகும். தண்ணீரில் கரையும் என்பதால் வடிகட்டியும் பயனில்லை. ஒரு வாரம் வெங்காயமில்லாமல் இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு மட்டும் போட்டுப் பாருங்கள்.

நெஞ்செரிச்சல்காரர்கள் புளித்த மோரையும் பச்சை மிளகாயையும் தவிர்க்கவும். இரவில் குடித்த கையோடு படுக்கவே வேண்டாம், 2–3 மணி நேரம் போகட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லாத மோரே சரி.

பிரியாணிக்குப் பின் சோடா? ஏப்பம் வரும், அதனால் செரித்துவிட்டது என்று ஆகாது. அந்த ஏப்பமே சோடாவில் அடைத்த வாயுதான்.