எக்ஸ்எம்எல் ரவுட்டிங்கில் எக்ஸ்பாத் காலைவாரும் இடங்கள்: உங்கள் அனுபவம்?

உவர்மலை:
அப்பாச்சி கேமலில் (செய்திகளை வழிப்படுத்தும் மென்பொருள்) எக்ஸ்பாத், அதாவது எக்ஸ்எம்எல்லில் தேவையான பகுதியைத் தேடும் மொழி, எக்ஸப்ஷன் (பிழை) எறிந்தால் கவலையில்லை, லொக்கில் தெரியும். சத்தமில்லாமல் ஃபோல்ஸ் தருவதுதான் வில்லங்கம். முதலில் நேம்ஸ்பேஸை, அதாவது எலிமென்ட் பெயர் எந்தத் தொகுதிக்கு உரியது என்ற அடையாளத்தை, பாருங்கோ. செய்தியில் டிஃபோல்ட் நேம்ஸ்பேஸ் இருந்தால், எக்ஸ்பாத் 1.0 இல் பிரிஃபிக்ஸ் (முன்னொட்டு) இல்லாத பெயர் எதையும் பிடிக்காது. செய்தி நேரே அதர்வைஸுக்கு, அதாவது எந்த 'வென்' நிபந்தனையும் பொருந்தாதபோது உள்ள வழிக்கு, போகும். அங்கே கொழும்புக் கியூவை (செய்தி வரிசையை) வைத்திருந்தால் திருகோணமலைச் சரக்கெல்லாம் கொழும்புக் கணக்கில் ஏறும்; லொக்கில் ஒரு வரிகூட விழாது. அதர்வைஸில் நிராகரிப்புக் கியூவைத் தவிர வேறெதையும் வைக்கக்கூடாது. நேம்ஸ்பேஸைப் பார்க்காமல் பெயரை மட்டும் ஒப்பிடும் லோக்கல்-நேம் போட்டுத் தப்பலாம்தான். ஆனால் அனுப்புகிறவர் ஸ்கீமா (எக்ஸ்எம்எல் அமைப்பு விதி) பதிப்பை மாற்றி நேம்ஸ்பேஸ் மாறினாலும் அது கண்டுகொள்ளாது. எனக்கு அதில் விருப்பமில்லை.

கிண்ணியா:
அண்ணன் சொன்னது சரி. '!=' (சமமில்லை) பாவிக்கிறதையும் விடுங்கோ. எலிமென்டே இல்லாட்டி அதுவும் ஃபோல்ஸ்தான். '=' ஐ நொட் பங்ஷனுக்குள்ள வைச்சா ட்ரூ வரும். திருகோணமலைத் துறைமுகக் குறியீடு 'எல்கேடிஆர்ஆர்' பின்னால ஒரு நியூலைனோட வந்தாலும் பொருந்தாது, ஓரத்து வெற்றிடத்தை நீக்குற நோர்மலைஸ்-ஸ்பேஸ் போடுங்கோ. நிறை '1,250' எண்டு வந்தா நம்பர் பங்ஷன் எண்ணே தராது. கூடவா குறையவா எண்டு எப்பிடிக் கேட்டாலும் ஃபோல்ஸ். முதல்ல டிரான்ஸ்லேட்டால காற்புள்ளியை எடுங்கோ. எக்ஸ்பாத் 2.0 இல டெசிமலா காஸ்ட் பண்ணினா (தசம எண்ணா மாத்தினா) எஃப்ஓஆர்ஜி0001 எண்ட பிழைக் குறியீட்டோட நேர எறியும், அது எவ்வளவோ மேல்.

சீனன்குடா:
எறியும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கேமலில் எக்ஸப்ஷனின் மேல் வரியை நம்பாமல் கடைசி 'கோஸ்ட் பை' (காரணம் காட்டும் வரி) வரை இறங்குங்கள். அங்கே 'கொன்டென்ட் இஸ் நொட் அலவ்ட் இன் புரோலொக்' என்றிருந்தால் எக்ஸ்பிரஷனில் பிழையில்லை. எக்ஸ்எம்எல் தொடங்குமுன் ஏதோ எழுத்து இருக்கிறது, பெரும்பாலும் பொம் (தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத குறியீட்டு அடையாளம்). பைட்டாகக் கொடுத்தால் பார்சர் அதை விழுங்கிவிடும், ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுத்தால் முறைக்கும்.

இந்த வகைப் பிழைக்கு ரீடெலிவரி (மறுபடி அனுப்பிப் பார்ப்பது) வீண். அதே செய்தி அதே இடத்தில்தான் விழும். பிழையைக் கையாளும் ஒன்எக்ஸப்ஷனில் மெக்ஸிமம்ரீடெலிவரீஸ் 0, யூஸ்ஒரிஜினல்மெசேஜ் (மூலச் செய்தியைப் பாவி) போட்டு டெட் லெட்டர் கியூவுக்கு (விழுந்த செய்திகளின் வரிசைக்கு) அனுப்புங்கள். நெட்வேர்க் பிழைக்குத் தனி ஒன்எக்ஸப்ஷன், அதில் ரீட்ரை இருக்கட்டும்.

உவர்மலை:
முதல் 'வென்' சரியாக ஓடி இரண்டாவது வெறும் பொடியில் (காலியான செய்தி உள்ளடக்கத்தில்) விழுந்தால்? ஸ்ட்ரீம் ஒருமுறை வாசித்ததும் தீர்ந்துவிடும். மறுபடி வாசிக்கச் சேமித்து வைக்கும் ஸ்ட்ரீம் கேஷிங்கை யாராவது நிறுத்தி வைத்திருக்கினமா எண்டு பாருங்கோ.