பற்றுப் பாத்திரம் குறைகிற சமையல்: உங்கள் அனுபவம் என்ன?

கோவைக்காரி:
பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா ஊர் நோம்பிக்குப் போய் 9 நாள் ஆகிறது. அவர் போன மறுநாள்தான், பத்தே நிமிடத்தில் தக்காளி சாதம் என்று ஒரு காணொளியை நம்பிச் சமைத்தேன். நிமிடக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண் கடுகுக்கு ஒரு கிண்ணம், கறிவேப்பிலைக்கு ஒரு கிண்ணம், அரைக் கரண்டி மஞ்சள்தூளுக்கு ஒரு கிண்ணம் என்று பரப்பி வைத்திருந்தாள். நானும் அப்படியே பரப்பினேன். இரவு தொட்டியில் எண்ணிப் பார்த்தால் 19 உருப்படி!

மறுநாளிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம்தான். கொங்குப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் தாராளமாக. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் களைந்து ஊறவிடுங்கள். குக்கரிலேயே தாளித்து, ஒரு பிடி சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, 1 தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, அதே டம்ளரால் மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் அரிசி, பருப்பு. மூடி 3 விசில். ஊறவைத்த கிண்ணம் காலியாகத்தானே இருக்கிறது, அதைக் கழுவித் தயிரை ஊற்றிக்கொள்ளலாம். சாதத்தின்மேல் நெய் விட மறக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றியவுடன் கரண்டியால் அடியை ஒரு முறை சுரண்டிவிடுவது முக்கியம். தக்காளி ஒட்டிய இடத்தில்தான் அடிப்பிடிக்கும். முதல் நாள் நான் சுரண்டவில்லை; சாப்பிட்ட பிறகு அந்தக் குக்கரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். பருப்பு நுரை விசில் வழியாக அடுப்பு, சுவர் எல்லாம் தெளித்துவிடும். தேய்க்கிற வேலையை மிச்சம் பிடித்துத் துடைக்கிற வேலையில் விட்ட கதையாகிவிடும்.

என் கணக்கு: குக்கர், கரண்டி, கத்தி, கிண்ணம், டம்ளர், தட்டு 2. மொத்தம் 7.

மேன்ஷன்வாசி, திருவல்லிக்கேணி:
அக்கா, என்னிடம் கரண்ட் ரைஸ் குக்கர் ஒன்றுதான். உங்கள் செய்முறையைப் போன வாரமே, தெரியாமலே செய்து பார்த்து அவமானப்பட்டேன். ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். மசாலாவைக் கெட்டியாக வதக்கி, அதன்மேலேயே அரிசியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாவது நிமிடம் பொத்தான் டக்கென்று மேலே ஏறிவிட்டது. திறந்தால் முக்கால் பச்சை அரிசி. மாமா ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, கீழே மெஸ்ஸில் சாப்பிடலாம்" என்றார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. தண்ணீர் இருக்கும்வரை அடிச்சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றியதும் சூடு ஏறும், அப்போது பொத்தான் விலகும். அடியில் மசாலா அப்பிக்கொண்டால், தண்ணீர் இருக்கும்போதே அந்த இடம் மட்டும் சூடேறி அதை ஏமாற்றிவிடுகிறது. இப்போது வெறும் சோறுதான் வைக்கிறேன். அரிசியின்மேல் நன்றாகக் கழுவிய முட்டை இரண்டு. சோறும் வெந்துவிடும், முட்டையும் வெந்துவிடும். மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய். சட்டியிலிருந்தே சாப்பிடுவேன் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

தஞ்சாவூர்ப் பாட்டி:
சட்டியிலிருந்தே சாப்பிட்டால் கல்யாணத்தன்று மழை வரும் தம்பி.

நீங்கள் இருவரும் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்களே, பழைய சோற்றை மறந்துவிட்டீர்களா? இரவு மிஞ்சிய சோற்றில், சட்டியோடு தண்ணீர் ஊற்றி மூடிவிடுகிறேன். காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்தால் சாப்பாடு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். அதைக் கையாலேயே உரித்துக் கடித்துக்கொள்ளலாம், கத்திகூட வேண்டாம். ஒட்டிய பருக்கையெல்லாம் ராத்திரியே ஊறி விட்டுப்போவதால் சட்டியை அலசிக் கவிழ்த்தால் போதும். என் மருமகளுக்கு இது பிடிக்காது. அவள் காலையில் இட்லித் தட்டு நான்கையும் துணியையும் அலசிக்கொண்டிருக்கும்போது நான் தினசரி படித்துக்கொண்டிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
கோவைக்காரி அம்மா, குக்கரை ஒன்று என்று எழுதியிருக்கிறீர்களே. மூடியை யார் கழுவினார்கள்? கேஸ்கெட்? வெயிட்?

கோவைக்காரி:
பிடித்துவிட்டீர்கள். அவற்றையும் சேர்த்தால் 10. கொல்லையில் வாழை நிற்கிறது; நாளை தட்டு இரண்டுக்கும் பதில் இலை. 8 என்று எழுதிக்கொள்ளுங்கள்.