பழைய ஸ்ரீ சித்திராலயம்: தஞ்சாவூர்ப் படங்கள் எந்தப் பக்கம் இருந்தன?

குழித்துறைக்காரி:
திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்குள் இருக்கும் சித்திராலயத்துக்கு எண்பதுகளில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்பா மார்த்தாண்டத்தில் போர்டு எழுதுகிறவர். கடைப் பலகை, கொடை சமயத்தில் கோயில் பேனர், எலெக்‌ஷன் வந்தால் சுவர். வருஷத்துக்கு ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பஸ்ஸில் போவார். எனக்கு மிருகசாலை, அவருக்கு சித்திராலயம். ஆனால் முதலில் அவருடையதுதான். சிங்கம் உறுமுவது கேட்டுக்கொண்டே படம் பார்க்க வேண்டும்.

ரவி வர்மாவின் தமயந்தி, அன்னத்தோடு நிற்பாளே, அவள் முன்னால் நிறுத்தி, "மக்ளே, கிட்ட போய் சேலைக் கரையப் பாரு. பொன்னு எங்க இருக்கு?" என்பார். கிட்டப் போனால் பொன்னே கிடையாது. மஞ்சளும் காவியும் இழுத்து, மேலே அங்கங்கே வெளுத்த புள்ளி. நாலடி பின்னால் வந்தால் ஜரிகை மின்னும். உடனே தஞ்சாவூர்ப் படத்துக்கு இழுத்துப் போவார். அங்கே அசல் தங்க ரேக்கு, மெல்லிய தங்கத் தாள். "இதுக்கு ரேக்கு வாங்கக் காசு வேணும். அதுக்கு நம்ம டப்பால உள்ள பெயிண்டு போதும்." திரும்பவும் தமயந்தி. இப்படி நாலைந்து நடை. வாட்ச்மேன் முறைப்பார்.

போன மாசம் மகனைக் கூட்டிப் போனேன். ரவி வர்மா படங்கள் எல்லாம் 2023இல் திறந்த புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டன. வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா நடந்த அந்த நடையை அவனுக்கு நடந்து காட்ட முடியவில்லை. பழைய கட்டிடத்தில் தஞ்சாவூர்ப் படங்கள் எந்தப் பக்கம்?

பாறசாலை பாசஞ்சர்:
அக்கா, தமயந்தியைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கத்து அறை. நான் காலேஜுக்குக் கட் அடித்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ரவி வர்மாவைவிட ரஷ்ய ஓவியர் ரோரிச்தான். வெளியே மீன மாசத்து வெயில், உள்ளே அந்த இமயமலை நீலம். அப்புறம் ஒன்று, திங்கட்கிழமை போய்விடாதீர்கள், லீவு. புதன்கிழமை காலையிலும் திறக்க மாட்டார்கள். இரண்டு நாளும் போய் நின்றவன் சொல்கிறேன்.

வேளிமலை அண்ணாச்சி:
வலது இல்லை தம்பி, இடது. சரி, அதை விடுங்கள். 1935இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் முயற்சியில் திறந்த இடம் அது. 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, அதனால் அது நம் ஊர் சித்திரசாலை என்றுதான் என் தகப்பனார் சொல்வார்.

உங்கள் அப்பாவுக்குப் பிடித்திருக்கக்கூடிய கதை ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய்ச் சாயம் தெரிந்தவர் மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர். இளவட்டம் ரவி வர்மாவுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து சாயம் கலக்கச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். பிறகு 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் வரைவதைப் பார்த்துக்கொள் என்றதோடு சரி.

குழித்துறைக்காரி:
அண்ணாச்சி, ஆறுமுகம் பிள்ளை கதை அப்பாவுக்கும் தெரியும்! ஆனால் அவர் சொன்னதில் நாயக்கர் வில்லன் இல்லை. "தொழில் தெரிஞ்சவன் பின்ன சும்மா சொல்லிக் குடுப்பானா?" என்று நாயக்கர் பக்கமே பேசுவார். அப்பாவும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை, எனக்கு உட்பட. பிரஷ்ஷைக் கழுவ மட்டும் விடுவார்.

சகுந்தலை படத்திலும் ஒரு வேலை வைப்பார். தோழி தோளில் கையை ஊன்றிக் காலைத் தூக்கி, முள் எடுக்கிற சாக்கில் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாளே, அந்தப் படம். "முள்ளக் கண்டுபிடி, ஒரு ரூபா தாரேன்" என்பார். போன மாசம் நானும் மகனும் சேர்ந்து தேடினோம். அவன் இன்னும் அந்த ரூபாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வலதா, இடதா என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போகிறேன்.